நீர் காத்திருக்காது: கரையோர அகலக் காட்சியும் ஒளிவீச்சும்

கன்னியாகுமரியில் விடியலுக்கு முன் கடற்கரைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கிழக்கே பார்த்துத்தான் நிற்பார்கள். சூரியன் தலைகாட்டியதும் நூற்றுக்கணக்கில் கைபேசிகள் உயரும். அடுத்த நிமிடமே, எடுத்த படத்தைப் பார்த்து முகம் வாடுகிறவர்களையும் அங்கே காணலாம். பாறையும் படகும் தெளிவாக வந்திருந்தால் சூரியனைச் சுற்றி வானமே வெளிறிப்போயிருக்கும். வானத்தின் செம்மை ஒழுங்காக வந்திருந்தால் கரையில் நிற்கும் மனிதர்கள் வெறும் கரிய நிழல்களாகியிருப்பார்கள். இன்னொரு குறையும் உண்டு. இடக்கோடியில் சூரியன், அதையடுத்து விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும், தெற்கே திறந்த கடல், வலக்கோடியில் இன்னும் இருள் விலகாத மேற்குக் கரை என்று அரைவட்டமாக விரிந்த காட்சியில் ஒரு சன்னலளவுதான் படத்துக்குள் வந்திருக்கும்.

நம் கண்ணும் அந்தக் காட்சியை ஒரே வீச்சில் பார்த்துவிடுவதில்லை. தலை திரும்புகிறது, வெளிச்சத்தில் பாவை சுருங்குகிறது, இருளில் விரிகிறது, மூளை அந்தத் துண்டுகளையெல்லாம் தைத்து ஒரே காட்சியாக நம்மிடம் தருகிறது. எச்.டி.ஆர். பனோரமா என்று புகைப்படக்காரர்கள் சொல்வதும் இதே வேலைதான். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பல படங்கள் எடுத்து அகலத்தைச் சேர்ப்பது பனோரமா. ஒவ்வொரு திசையிலும் குறைந்த ஒளிப்பதிவு, நடுத்தரம், கூடுதல் என்று பல எக்ஸ்போஷர்கள் எடுத்து ஒளியின் முழு வீச்சையும் சேர்ப்பது எச்.டி.ஆர். இரண்டும் தனித்தனி வரலாறு கொண்டவை. இரண்டும் ஒன்றாகச் சோதிக்கப்படும் இடம் நீர்க்கரை. காரணம் எளிது. அகலம் காலம் கேட்கிறது. ஒளிவீச்சும் காலம் கேட்கிறது. நீரோ ஒரு நொடியும் நிற்பதில்லை. இந்தக் கலையின் நுட்பங்கள், தோல்விகள், பொய்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு முரணிலிருந்தே புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இரண்டு பழைய ஓடைகள்

அகலக் காட்சியின் கதை கேமராவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. எடின்பரோவில் வாழ்ந்த ஓவியர் ராபர்ட் பார்க்கர் 1787-இல், பார்வையாளரைச் சுற்றி வட்டமாக நிற்கும் ஓவியத்துக்குக் காப்புரிமை பெற்றார். பனோரமா என்ற சொல் அவருடைய காட்சிகளோடுதான் புழக்கத்துக்கு வந்தது. லண்டன் மக்களுக்கு அவர் காட்டிய தொடக்ககால ஓவியங்களில் ஒன்று, தேம்ஸ் நதிக்கரை ஆலை ஒன்றின் கூரைமேலிருந்து பார்த்த லண்டன் நகரம். அப்போதே அகலக் காட்சி நீரைத் தேடிப் போனதில் வியப்பில்லை. ஊருக்குள் நின்றால் எதிர்வீட்டுச் சுவர் மறைக்கும். ஆற்றின் மறுகரையில் நின்றால்தான் ஊர் முழுதும் தெரியும். கரை என்பது நகரம் தன் முகத்தைக் காட்டும் இடம்.

புகைப்படக் கலை பிறந்து பத்தாண்டுகூட ஆகாத 1848-இல், சார்லஸ் ஃபோன்டெய்ன், வில்லியம் போர்ட்டர் என்ற இருவர் இதைச் செய்துகாட்டினார்கள். அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றின் தென்கரையில் கேமராவை வைத்து, எதிர்க்கரையில் இருந்த சின்சினாட்டி நகரத்தின் படித்துறையை எட்டு டாகுவேரியோடைப் தகடுகளில் வரிசையாகப் பதிவு செய்தார்கள். கரையோரம் நீராவிப் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பின்னால் கிடங்குகள், வீடுகள், தேவாலயக் கோபுரங்கள். அந்தத் தகடுகளைப் பிற்காலத்தில் நுண்ணோக்கியில் பார்த்தபோது கோபுரக் கடிகாரத்தின் முட்களே தெரிந்தன: பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன். எட்டுத் தகடுகளாக எடுத்த ஒரு கரை, தான் எந்த நேரத்தைச் சேர்ந்தது என்பதை ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் சொல்கிறது. இந்தக் கடிகாரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1875-இல் சிட்னி துறைமுகத்தைப் படமெடுத்த முயற்சி இன்னும் பெரியது. தங்கச் சுரங்கத்தில் செல்வம் சேர்த்த பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன், துறைமுகத்தின் வடகரையில் இருந்த தன் வீட்டுக் கோபுரத்தையே கேமராக் கூடமாக மாற்றினார். சார்லஸ் பேலிஸ் அங்கிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டர் அகலக் கண்ணாடி நெகட்டிவ்களை எடுத்தார். 23 அச்சுகளைச் சேர்த்த ஒரு தனிப் பனோரமாவும் உருவானது. அதன் நீளம் கிட்டத்தட்ட 10 மீட்டர். அதை அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். வளைகுடாக்கள், கப்பல்துறைகள், குன்றுகள் என்று அன்றைய சிட்னியின் கரைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து ஒட்டி, ஆறு மீட்டரை நெருங்கும் நீளப் படம் ஆக்கினார். அவர் ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்பவில்லை. சுவரோடு கேமராவும் நகர்ந்தது. திருப்பும் பனோரமா வேறு, நகரும் பனோரமா வேறு என்ற பாடம் அன்றே நம் ஊரில் எழுதப்பட்டுவிட்டது.

ஒளிவீச்சின் ஓடை கடற்கரையிலேயே ஊற்றெடுத்தது. 1850-களின் கொலோடியன் தகடுகளுக்கு நீல ஒளி மட்டும் மிகக் கூர்மையாகப் படும். கடலுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் வானம் ஒரே வெள்ளையாகிவிடும். வானத்துக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் கடல் கறுத்துவிடும். பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளில் நார்மண்டிக் கடற்கரையிலும் மத்தியதரைக் கடலோர செத் நகரிலும் எடுத்த படங்களில் இதற்கு வழி கண்டார். வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ். அச்சிடும்போது அடிவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்தார். பொங்கி வரும் அலையும் கனத்த மேகமும் ஒரே தாளில் கண்ட பாரிஸும் லண்டனும் மலைத்தன. ஆனால் ஒரே மேகம் அவருடைய வெவ்வேறு கடல்களின் மேல் மீண்டும் மீண்டும் வருகிறது. டிரைப் இதற்கு வேறு வழி பார்த்தார்: தம் நெகட்டிவ்களில் மேகங்களைக் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். உண்மையான வானம், உண்மையான கடல், ஆனால் இரண்டும் சந்தித்ததே இல்லை என்ற நிலை இந்தக் கலையின் தொட்டிலிலேயே இருந்தது. இன்று ஒரு பொத்தானை அழுத்தி வானத்தை மாற்றும் மென்பொருளைக் கண்டு அதிர்கிறோம். அந்தக் கேள்வி 170 ஆண்டுப் பழையது.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆன்சல் ஆடம்சும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறை, காட்சியின் ஒளிப்படிகளைத் தாளின் படிகளுக்குள் திட்டமிட்டு அடக்கியது. அணுகுண்டுச் சோதனைகளைப் பதிவு செய்ய சார்லஸ் வைக்காஃப் வெவ்வேறு ஒளியுணர்வு கொண்ட அடுக்குகளை ஒரே ஃபிலிமில் வைத்தார். ஸ்டீவ் மேனும் ரோஸலிண்ட் பிக்கார்டும் 1995-இலும், பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997-இலும் வெளியிட்ட ஆய்வுகள், பல எக்ஸ்போஷர்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளியளவைக் கணக்கிட்டெடுக்கும் வழியைக் கணினிக்குச் சொல்லித்தந்தன. அடுத்த ஆண்டு ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் பனோரமா டூல்ஸ் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். இன்றைய ஹுகின், பிடிகுய் ஆகியவை அந்த வேரிலிருந்து கிளைத்தவை.

இரண்டு ஓடைகளும் கலந்த இடம் எனக்கு மிகப் பிடித்தமானது. பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் ஏடல்சனும் 1983-இல் இரண்டு படங்களைத் தையல் தெரியாமல் சேர்க்க ஒரு முறை சொன்னார்கள். படத்தைப் பெருவடிவங்கள், நடுத்தர வடிவங்கள், நுண்கோடுகள் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, பெருவடிவங்களை அகலமான பட்டையிலும் நுண்கோடுகளைக் குறுகிய பட்டையிலும் கலப்பதுதான் அந்த முறை. அது பக்கத்துப் படங்களைச் சேர்க்கப் பிறந்தது. 2007-இல் டாம் மெர்டன்ஸ் குழுவினர் அதே அடுக்கு முறையைக் கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் எக்ஸ்போஷர்களைச் சேர்த்தார்கள். அகலத்தைத் தைத்த ஊசியே ஒளியையும் தைத்தது.

நீரின் கணக்கு

புகைப்படக்காரர்கள் ஒளியை ஸ்டாப் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்கு. இன்றைய நல்ல சென்சார் சுமார் 14 ஸ்டாப் வரை பிடிக்கும். அதாவது மிக இருண்ட புள்ளிக்கும் மிக வெளிச்சமான புள்ளிக்கும் 1-க்கு 16,000 என்ற விகிதம். அச்சுத்தாளில் இந்த விகிதம் சில நூறுகளைத் தாண்டாது. சூரியவட்டமும் படகின் உட்புற நிழலும் ஒரே காட்சியில் இருந்தால் 14 ஸ்டாப் போதாது. இவையெல்லாம் எந்தக் காட்சிக்கும் பொருந்தும் கணக்கு. நீருக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை அறியாமல்தான் பெரும்பாலான கரையோரப் படங்கள் கெடுகின்றன.

அசையாத நீரை நேர் மேலிருந்து பார்த்தால் அது தன்மேல் விழும் ஒளியில் 2 விழுக்காட்டை மட்டுமே திருப்பித் தருகிறது. பார்வை சாயச் சாய இந்த அளவு ஏறும். குளக்கரையில் நிற்கும் ஒருவர், தன் காலிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கும் நீரைப் பார்த்தால் வானத்தின் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து திரும்பி வரும். இன்னும் தள்ளிப் போகப் போக நீர் ஏறக்குறைய கண்ணாடியாகிவிடும். ஸ்டாப் கணக்கில் சொன்னால், காலடி நீரில் தெரியும் வானம் மேலே உள்ள வானத்தைவிட ஐந்தரை ஸ்டாப் மங்கல். 10 மீட்டர் தள்ளி ஒன்றரை ஸ்டாப் மங்கல். தொலைவில் வேறுபாடு மிகச் சொற்பம். அலை எழுந்தால் ஒவ்வொரு அலைமுகமும் வேறு சாய்வில் நிற்பதால் இந்தக் கணக்கு குலுங்கும். தெளிந்த ஆழமற்ற நீரில் அடிமணலின் ஒளியும் சேரும். ஆனால் ஒரு விதி மாறாது: தெளிந்த பிரதிபலிப்பு தன் மூலத்தைவிட வெளிச்சமாக இருக்கவே முடியாது.

எச்.டி.ஆர். மென்பொருளுக்கு இந்த விதி தெரியாது. இருண்ட இடம் எங்கே இருந்தாலும் தூக்கிவிடுவது அதன் வேலை. காலடி நீரின் இருளையும் அது நிழல் என்று எண்ணித் தூக்குகிறது. விளைவாக வானத்தைவிடப் பளபளக்கும் ஏரிகளும், ஆழமே இல்லாத தகரத் தகடு போன்ற கடல்களும் பிறக்கின்றன. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் பிறந்ததிலிருந்து நீரைப் பார்த்துவரும் கண் அதை நம்ப மறுக்கும்.

ஃபில்டர்களால் தீர்வு கிடைக்குமா? மேல்பாதி கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர், வெறும் கடலும் வானமும் உள்ள படத்துக்கு நன்றாகவே பொருந்தும். கன்னியாகுமரியில் அடிவானத்துக்கு மேலே எழும் 133 அடி வள்ளுவர் சிலையின் மேற்பகுதியையும் அது சேர்த்துக் கறுக்கவைக்கும். போலரைசர் இன்னும் சிக்கல். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் வானம் மிகவும் கருநீலமாகும், மற்ற திசைகளில் ஆகாது. அரைவட்டப் பனோரமாவில் அது வானத்தின் நடுவே ஒரு கறுப்புப் பட்டையை உண்டாக்கும். நீரின் மினுமினுப்பையும் ஓரிடத்தில் துடைத்து, பக்கத்தில் விட்டுவைக்கும். அகலக் காட்சிக்குப் போகும்போது போலரைசரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவதே நல்லது.

கரையில் நிற்கும்போது

35 மில்லிமீட்டர் லென்ஸ், முழு அளவு சென்சார், நெட்டுக்குத்தாகப் பிடித்த கேமரா. ஒவ்வொரு பிரேமும் அடுத்ததோடு 30 விழுக்காடு ஒட்டவேண்டும் என்றால், அரைவட்டத்துக்கு 7 திசைகள் தேவை. ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் 5 எக்ஸ்போஷர்கள் எடுத்தால், ஆக 35 படங்கள். ஐந்து எக்ஸ்போஷர்களால் சென்சாரின் 14 ஸ்டாப்போடு இன்னும் 8 ஸ்டாப் சேரும். கடல்மேல் எழும் சூரியனுக்கு அது தாராளம். அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ., ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை எல்லாவற்றையும் கையால் பூட்டிவிட்டு ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றவேண்டும். அப்பர்ச்சரை மாற்றினால் தெளிவின் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது.

இந்த 35 படங்களுக்கும் பழகிய கைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வானத்தில் சூரியன் இரண்டு நிமிடத்தில் தன் விட்டம் அளவு நகர்ந்துவிடுகிறது. ஆகவே விடியலில் முதலில் சூரியன் இருக்கும் கோடியைத்தான் எடுக்கவேண்டும். மிக விரைவில் மாறுவது அதுதான். ஓடும் படகு இருந்தால் வேறு கணக்கு. படகு இடமிருந்து வலமாகப் போகும்போது கேமராவையும் அதே திசையில் திருப்பினால், ஒரே படகு நான்கு பிரேமில் நான்கு படகாக வந்து நிற்கும். எதிர்த்திசையில் திருப்பினால் அதை ஒருமுறைதான் சந்திப்போம்.

கேமராவை எதை அச்சாகக் கொண்டு சுழற்றுகிறோம் என்பதும் முக்கியம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகத்துக்கு முன் ஒரு விரலைத் தூரத்துக் கம்பத்தோடு நேராக நிறுத்தித் தலையைத் திருப்பிப் பாருங்கள். விரலும் கம்பமும் விலகும். லென்ஸுக்குள் ஒளிக்கதிர்கள் சந்திப்பதாகத் தோன்றும் புள்ளியை அச்சாக வைத்துச் சுழற்றினால் இந்த விலகல் மறையும். அதற்கென்றே பனோரமா ஹெட் இருக்கிறது. திறந்த கடலுக்கு அது அவசியமில்லை. முன்னால் வலைக்குவியலோ கைப்பிடிச் சுவரோ நங்கூரக் கயிறோ இருந்தால் அது இல்லாமல் முடியாது. மிதவைத் துறைகளில் டிரைபாட் வைப்பது வீண்வேலை. ஈர மணலில் கால்களை நன்றாக அழுத்தி இறக்கவேண்டும். அலை வந்து அடிமணலை அரித்தால் ஏழாவது பிரேமில் அடிவானம் சாய்ந்திருக்கும். இன்னொன்று, உப்புத்துளி. சூரியனை நோக்கிய லென்ஸில் ஒரு துளி பட்டாலும் முழு வரிசையும் போச்சு. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் கண்ணாடியைத் துடைப்பதை நான் ஒரு சடங்காகவே வைத்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் அலை இருக்கிறது. ஐந்து எக்ஸ்போஷர்களில் ஐந்து வெவ்வேறு அலைகள். அவற்றைச் சேர்த்தால் நுரை பாதி கரைந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்த பேய்போலத் தெரியும். இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. மென்பொருளின் ஆவிநீக்கும் வசதி, அசையும் இடங்களில் ஒரே எக்ஸ்போஷரை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது அதன் விருப்பம். ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு அரை நிமிடம் திறந்துவைத்தால் கடல் பாலாக, பனியாக வழவழக்கும். அது அழகுதான், ஆனால் கன்னியாகுமரிக் கடல் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. மூன்றாவது வழியையே நான் நம்புகிறேன். நீருக்கு ஒவ்வொரு திசையிலும் ஒரே ஒரு ரா கோப்பு, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. அதற்கு 14 ஸ்டாப் போதும். மற்ற எக்ஸ்போஷர்கள் வானத்துக்கும் சூரியனுக்கும் நிழலில் நிற்கும் பொருள்களுக்கும் மட்டும். இரு நெகட்டிவ் முறையில் லெ கிரே செய்ததும் அடிப்படையில் இதுதான். ஒரு வேறுபாடு: நம் வானமும் கடலும் ஒரே நிமிடத்தைச் சேர்ந்தவை.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த ஒரு பனோரமாவை நீளமாக அச்சிட்டு, அங்கே பழக்கமான முதிய மீனவர் ஒருவரிடம் காட்டினேன். வானம், படகுகள், பாறைத் தடுப்புச் சுவர் எல்லாம் துல்லியமாக வந்திருந்தன. அவர் படகுகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். பிறகு விரலைக் கடலில் வைத்து, ‘மக்களே, இது எந்த நேரத்துத் தண்ணி? காத்து எங்கிருந்து அடிக்கு?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்து அலைகளைக் கலந்து செய்த அந்த நீரில் காற்று எந்தப் பக்கத்திலிருந்தும் அடிக்கவில்லை. அவர் வாழ்நாள் முழுதும் படித்துவந்த எழுத்தை நான் அழித்துவிட்டிருந்தேன். சின்சினாட்டியின் கோபுரக் கடிகாரம் போல, கரையோரப் படத்தில் நீரும் ஒரு கடிகாரம் என்பது அன்றுதான் புரிந்தது.

மேசையில் நடப்பது

தைக்கும் மென்பொருள்கள், இரண்டு படங்களிலும் உள்ள பொதுவான புள்ளிகளைத் தாமே தேடிப் பொருத்துகின்றன. டேவிட் லோவ் 1999-இல் அறிமுகப்படுத்திய முறையும், அதைக் கொண்டு மேத்யூ பிரவுனும் அவரும் 2003-இல் பனோரமாக்களைத் தானாக அடையாளம் கண்டதும் இதற்கு அடித்தளம். கட்டடத்தில் இது அற்புதமாக வேலை செய்யும். நீரில் ஏமாறும். ஒரு பிரேமின் நுரைக்கொண்டையை அடுத்த பிரேமின் வேறொரு நுரைக்கொண்டையோடு பொருத்திவிட்டு, அடிவானத்தையே நெளியவைக்கும். நீரின் மேல் விழுந்த புள்ளிகளை முதலில் அழித்துவிடுவது தலையாய வேலை. கடலும் வானமும் மட்டுமே உள்ள பிரேமில் நிலையான புள்ளி ஒன்றுகூட இருக்காது. அங்கே பனோரமா ஹெட்டின் பாகை அளவு மட்டுமே துணை. எந்தப் பிரேம் எத்தனை பாகையில் எடுத்தது என்று குறித்துவைத்தவர் பிழைத்தார்.

எதை முதலில் செய்வது என்பதில் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு திசையின் ஐந்து எக்ஸ்போஷர்களையும் சேர்த்து, அழகுபடுத்தி, அதன் பிறகு ஏழையும் தைத்தால் தையல்கள் பல்லிளிக்கும். சூரியன் உள்ள பிரேமை மென்பொருள் ஒரு விதமாகவும், சூரியன் இல்லாத பிரேமை வேறு விதமாகவும் சரிசெய்திருக்கும். ஒளியளவை மாற்றாத நேரியல் கோப்பாகச் சேர்த்து, அவற்றைத் தைத்து, முழுப் பனோரமாவும் ஒன்றான பிறகே, விரிந்த ஒளிவீச்சைத் திரைக்கோ தாளுக்கோ அடக்கும் டோன் மேப்பிங்கைச் செய்யவேண்டும். ஏழு திசைக்கும் ஒரே அளவுகோல் என்பதுதான் இதன் சாரம்.

உருண்டைப் பார்வையைத் தட்டைத் தாளில் விரிப்பதற்கு வரைபடக்காரர்கள் படும் பாட்டை நாமும் படவேண்டும். உருளை வடிவ விரிப்பில் அடிவானம் நேர்க்கோடாக நிற்கும். ஆனால் அருகில் இருக்கும் நேரான கரை வில்லாக வளையும். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று, பக்கத்தில் இணையாகச் செல்லும் ரயில் பாலத்தைப் பனோரமாவாக எடுத்தால், இரண்டு கிலோமீட்டருக்கு நேராக ஓடும் பாலம் நடுவில் பருத்து, இருபுறமும் மெலிந்து வளைந்து தெரியும். கேமரா பொய் சொல்லவில்லை. நடுப்பகுதி அருகில் இருக்கிறது, முனைகள் தொலைவில் இருக்கின்றன. வளைவு வேண்டாம் என்றால் டிரைப் தஞ்சையில் செய்ததைப்போல கேமராவோடு நகரவேண்டும். 2006-இல் அசீம் அகர்வாலா குழுவினர் தெருக்களுக்கும் ஆற்றங்கரைகளுக்கும் அதைக் கணினியில் செய்துகாட்டினார்கள். பிறைபோல உள்வளைந்த கரைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. வளைவின் நடுவே நிற்பவருக்கு எல்லாமே ஏறக்குறைய ஒரே தொலைவு.

டோன் மேப்பிங் பற்றி ஒரு நூலே எழுதலாம். 2002-ஆம் ஆண்டின் சிக்கிராஃப் கணினி வரைகலை மாநாடு ஒன்றிலேயே மூன்று முக்கிய வழிகள் வெளியாயின. எரிக் ரைன்ஹார்ட் குழுவினரின் வழி ஆன்சல் ஆடம்சின் ஸோன் முறையிலிருந்து பிறந்தது. என் கண்ணுக்கு நீர்க்கரைக் காட்சிகளில் அதுவே மிக இயல்பாகத் தெரிகிறது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய மிகைப்படுத்திய பாணியை எல்லோரும் பார்த்திருப்போம்: பாய்மரத்தைச் சுற்றி ஒளிவட்டம், கரிபடிந்த மேகம், மின்னும் சேறு. அந்தப் பாணி எச்.டி.ஆர். என்ற பெயரையே கெடுத்தது. குற்றம் கருவியுடையது அன்று; எங்கே நிறுத்துவது என்று தெரியாத கையுடையது.

கைபேசிகள் இன்று இந்த வேலையின் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் செய்கின்றன. கூகிளின் எச்.டி.ஆர். பிளஸ் தொடக்கத்தில், வெவ்வேறு எக்ஸ்போஷர்களுக்குப் பதிலாக ஒரே குறைந்த எக்ஸ்போஷரில் பல பிரேம்களை அடுத்தடுத்து எடுத்துச் சேர்த்தது. வானம் வெளிறாது, அலைகளுக்கிடையே காலமும் அதிகம் ஓடாது. நீருக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. திரைகளும் மாறிவிட்டன. 2023-இல் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த அல்ட்ரா எச்.டி.ஆர். வடிவம், சாதாரணப் படத்தோடு கூடுதல் ஒளியளவையும் தனியே சுமந்துவந்து, ஏற்ற திரையில் சூரியனை உண்மையிலேயே ஒளிரவைக்கிறது. ஒளியை நெருக்கி அடக்கும் கட்டாயம் அங்கே குறைகிறது. அச்சுத்தாளுக்கு மட்டும் பழைய கட்டுப்பாடு அப்படியே நிற்கிறது.

ஆவணமா, அலங்காரமா

செய்திப் படப் போட்டிகள் பல, தைத்த பனோரமாக்களையும் பல எக்ஸ்போஷர் கலவைகளையும் ஏற்பதில்லை. ஒரே கணத்தின் சாட்சியம் அல்ல என்பது காரணம். நியாயமான விதிதான். ஆனால் அதை வைத்து இந்தப் படங்கள் ஆவணம் ஆகமாட்டா என்று முடிவுகட்டுவது தவறு. சின்சினாட்டியின் எட்டுத் தகடுகளும் எட்டுக் கணங்கள்தாம். அந்தக் கரையைப் பற்றி அவற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. பல கணங்களால் ஆனது என்பது குற்றமாகாது. எந்தக் கணங்கள் என்பதை மறைப்பதும், சந்திக்காத வானத்தையும் நீரையும் சந்தித்ததாகக் காட்டுவதும்தான் குற்றம்.

நம் கரைகள் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதிய தூக்குப்பாலம் திறக்கப்பட்டது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் முடிவில் கண்ணாடிப் பாலம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய அடிவானத்தை இனி யாரும் புதிதாகப் படமெடுக்க முடியாது. கடலரிப்புக்குக் கல்கொட்டிய ஊர்களில் மணற்கரையே காணாமல் போகிறது. பேலிஸ் சிட்னிக்குச் செய்ததை நம் காசிமேட்டுக்கும் தூத்துக்குடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் யாராவது செய்தாக வேண்டும். அதற்குக் கோபுரமோ 1.6 மீட்டர் கண்ணாடியோ இன்று தேவையில்லை.

கேமரா வைத்திருப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், ஒரே இடத்தில் நின்று உங்கள் ஊர்க் கரையின் முழு அகலத்தையும் எடுங்கள். அழகுபடுத்திய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ரா கோப்புகளை அழித்துவிடாதீர்கள். கோப்போடு ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: நின்ற இடம், தேதி, முதல் பிரேமும் கடைசிப் பிரேமும் எடுத்த நேரம், கடல் ஏற்றமா வற்றா, காற்று எங்கிருந்து அடித்தது.